யார் கேட்ட கேள்விக்கு யார் சொன்ன பதில்? சேரியின் சமயமும் ஆய்வுமுறையும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் கூடியிருக்கிறோம். அவர் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1892இல் சென்னையில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தது. நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் அதில் கலந்துகொண்டார். எங்கள் மக்களை விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் ஏன் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரன், காட்டேரி, கறுப்பண்ணசாமி என்று கொடுத்திருக்கிறோம், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகளே எங்களுக்கு வேண்டாம் என்று அந்தக் கோரிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தையும் தரிசு நிலத்தையும் கேட்கத் தொடங்கினார் பண்டிதர்.

இதைச் சுயமரியாதைக் கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது சரிதான். இன்று அதை வேறொரு கோணத்தில் பார்க்கச் சொல்கிறோம். சாஸ்திரி அன்று செய்தது ஒரு வகைப்பாடு. பெரிய தெய்வம், சிறிய தெய்வம். கோயில் சாமி, எல்லைச் சாமி. எங்களுடையது, உங்களுக்கு நாங்கள் கொடுத்தது. அறுபது ஆண்டுகள் கழித்து மானிடவியல் இதே பிரிவினையைப் பெருமரபு, சிறுமரபு என்ற பெயரில் வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. ராபர்ட் ரெட்ஃபீல்டிடமிருந்து இந்தச் சொற்களை எடுத்துக்கொண்ட மில்டன் சிங்கர், பெருமரபு எப்படி நவீனமாகிறது என்று பார்ப்பதற்குச் சென்னைக்கு வந்தார். பெரும்பாலும் பிராமணர்களோடு பேசினார். எம்.என். சீனிவாஸ் குடகர் பற்றிய 1952ஆம் ஆண்டு நூலில் சமஸ்கிருத இந்துமதம் என்றும் உள்ளூர் வழிபாடு என்றும் அடுக்கு பிரித்தார். இவர்களெல்லாம் சாஸ்திரியின் வாரிசுகள் என்று சொல்ல வரவில்லை. அது மலிவான பேச்சு. ஒரு கோயில் வாசலில் ஒருவரை நிறுத்திவைப்பதற்காகச் சொல்லப்பட்ட பிரிவினை, பிறகு ஆய்வுக் கருவியாகிறபோது, வாசலில் நிறுத்திவைத்த செய்தி மட்டும் அதிலிருந்து உதிர்ந்துபோகிறது. காட்டேரி சேரியின் "சிறுமரபு" ஆகிவிடுகிறாள். பெரிய கோயிலுக்குள் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அது அவர்கள் மரபு இல்லை, அவ்வளவுதான்.

சமய ஆய்வுமுறை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறபோது வினாப்பட்டியல், நேர்காணல், பங்கேற்று உற்றுநோக்கல், ஆவண ஆய்வு என்று வரிசையாக வரும். தேர்வுக்கு அது போதும். நம் மக்களின் சமயம் எப்படி ஏட்டில் ஏறியது என்று பார்த்தால் அந்த வரிசைக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. யார் கேட்டார், எங்கே உட்கார்ந்து கேட்டார், எதற்காகக் கேட்டார்?

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, கேள்விகளை எழுதியனுப்பித் தமிழரிடமிருந்து ஓலையில் பதில் வாங்கினார். 1712 முதல் 1714 வரை அந்தக் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1713இல் மலபார் தெய்வங்களின் வம்சாவளியை எழுதி முடித்தார். அது அச்சேறியது 1867இல்தான். தமிழ் நாட்டுச் சமயம் பற்றிய முதல் வினாப்பட்டியல் என்று இதைச் சொல்லலாம். எழுதத் தெரிந்தவர் மட்டுமே அதற்குப் பதில் எழுத முடியும். மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

பெரிய வினாப்பட்டியல் அரசாங்கத்திடமிருந்து வந்தது. 1911 கணக்கெடுப்பை ஒட்டி ஆணையர் கெயிட், இந்து என்று பதியப்படுகிறவர்களில் உண்மையில் யார் இந்து என்று அறியச் சில அளவுகோல்களைச் சுற்றறிக்கையாக அனுப்பினார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில் இதை எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்கிறார். அளவுகோல்கள் பத்து. பிராமண மேலாண்மையை மறுப்பவர், பிராமணரிடமோ அங்கீகரிக்கப்பட்ட குருவிடமோ மந்திரம் பெறாதவர், வேதத்தின் அதிகாரத்தை ஏற்காதவர், பெரிய தெய்வங்களை வணங்காதவர், நல்ல பிராமணர் புரோகிதம் செய்ய வராதவர், பிராமணப் புரோகிதரே இல்லாதவர், கோயில் உள்ளே அனுமதிக்கப்படாதவர், தீட்டு உண்டாக்குபவர், இறந்தோரைப் புதைப்பவர், மாட்டிறைச்சி உண்டு பசுவை வணங்காதவர்.

இந்தப் பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். வேதத்தை ஏற்கிறாயா, யாரை வணங்குகிறாய், எப்படிப் புதைக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்பவை ஒரு மனிதர் செய்வதைப் பற்றிய கேள்விகள். கோயிலுக்குள் விடுகிறார்களா, தொட்டால் தீட்டு என்கிறார்களா என்பவை அவருக்கு மற்றவர்கள் செய்வதைப் பற்றிய கேள்விகள். நல்ல பிராமணர் வருவதில்லை என்பதும் அந்தப் பிராமணர் எடுத்த முடிவுதான். கணக்கெடுப்பு இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, இரண்டையும் சேர்த்து ஒருவருடைய மதம் என்று எழுதிக்கொண்டது. பூட்டிய கதவும் நம்பிக்கையின் ஒரு கூறாகிவிட்டது.

ஆனாலும் அந்தக் கணக்கு பல பேரைத் திடுக்கிட வைத்தது. மத்திய மாகாணத்திலும் பேராரிலும் இந்து என்று பதியப்பட்டோரில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கோயில் அனுமதி இல்லை. ஐந்தில் இரண்டு பங்கினர் மாட்டிறைச்சி உண்பவர்கள் என்று கெயிட்டின் அறிக்கை சொன்னது. சுற்றறிக்கைக்கு எதிர்ப்புக் கிளம்பியதற்குக் காரணம் அதன் முறையியல் குறை அல்ல, எண்ணிக்கை. முஸ்லிம் தலைவர்கள் 1906இல் வைஸ்ராயைச் சந்தித்ததிலிருந்தே, யார் எத்தனை பேர் என்பது சட்டமன்ற இடங்களின் கணக்காகிவிட்டது. தீண்டப்படாதார் இந்துக்களா என்ற கேள்வியை அந்தச் சூழல் பெற்றெடுத்தது. அம்பேத்கர் அந்தப் பத்து அளவுகோல்களையும் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிராளி சேகரித்த தரவைத் தன் கேள்விக்குப் பயன்படுத்தினார். இந்துக்களில் ஒரு பகுதி மாட்டிறைச்சி உண்கிறது, அதே பகுதிக்குப் பிராமணர் புரோகிதம் செய்வதில்லை. இரண்டுக்கும் தொடர்பு என்ன? அங்கிருந்துதான் சிதறுண்ட மனிதர், பௌத்தம், பசுவதை என்று அவருடைய கருதுகோள் விரிகிறது. அந்த நூலின் முன்னுரையில் முறையியல் பற்றியும் வெளிப்படையாகப் பேசுகிறார். சங்கிலியில் கண்ணிகள் விடுபட்டிருக்கிறபோது வரலாற்றாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, ஊகத்தால் இணைத்து ஒரு செயல்படு கருதுகோளை முன்வைக்கலாம் என்கிறார். கருதுகோள் என்றுதான் அவர் சொன்னார். நம் மேடைகளில் பலமுறை அதை நிரூபிக்கப்பட்ட முடிவாகப் பேசிவிடுகிறோம். அண்ணலுக்கு அது மரியாதை ஆகாது.

அடுத்தது களம். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி, ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதினார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த நல்ல நூல் அது. அவருக்கு வீடு கிடைத்தது அக்கிரகாரத்தில். அங்கே தங்கியதாலேயே சேரியோடு விருப்பம்போலப் பழக முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். சீனிவாஸ் 1948இல் இராமபுராவில் தங்கியது ஊர்த்தலைவருக்குச் சொந்தமான வீட்டில். தன்னுடையது மேல்சாதிக் கோணத்துப் பார்வை என்று அவரும் பின்னால் மறைக்காமல் எழுதினார். இருவரும் நேர்மையானவர்கள். ஆனால் முன்னுரையில் ஒரு பத்தியாக ஒப்புக்கொண்ட விஷயம், பின்னால் வரும் முந்நூறு பக்கத்தில் எங்கே போகிறது? 'ஊரார் இப்படி நம்புகிறார்கள்' என்ற வாக்கியத்தில் ஊரார் யார் என்பது அந்த வீட்டு முகவரியிலேயே முடிவாகிவிடுகிறது.

சேரிக்குள்ளேயே போனால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இதற்கு நல்ல உதாரணம் மைக்கேல் மோஃபட். செங்கற்பட்டு மாவட்டத்து எண்டவூரில் பறையர் குடியிருப்பை மையமாக வைத்து ஆராய்ந்து 1979இல் நூல் வெளியிட்டார். நம் மக்களின் சமயத்தை அவ்வளவு நுணுக்கமாக அதற்கு முன் யாரும் பதிவு செய்யவில்லை என்றே சொல்லலாம். அவர் வந்து சேர்ந்த முடிவு: ஊர் தங்களை எதிலிருந்தெல்லாம் விலக்குகிறதோ அதையெல்லாம் இவர்கள் தங்களுக்குள் நகலெடுத்துக்கொள்கிறார்கள், தங்களுக்கென்று புரோகிதர், தங்களுக்கென்று வண்ணார் வைத்துக்கொள்கிறார்கள், ஆகவே சாதி அமைப்போடு இவர்களுக்கு ஆழமான கருத்தொப்புதல் இருக்கிறது.

இந்த முடிவுக்கு அவர் துணைக்கழைத்தவற்றில் ஒன்று தோற்றக் கதை. வடதமிழகத்திலிருந்து இராமநாதபுரம் வரை இதற்குப் பல வடிவங்கள் உண்டு. ராபர்ட் டெலியேஜும் இராமநாதபுரம் பகுதியில் சேகரித்திருக்கிறார். கதை சின்னது. அண்ணன் தம்பி இருவர், ஏழைகள், சாமி கும்பிடப் போகிறார்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்தச் சொல்கிறது சாமி. அண்ணன், 'என் தம்பி பாப்பான்' என்கிறான். தம்பி அந்த வேலையைப் பார்த்துக்கொள்வான் என்று அவன் சொன்னது. சாமி காதில் விழுந்ததோ, தம்பி பார்ப்பான், அதாவது பிராமணன். அன்றிலிருந்து தம்பி பிராமணன் ஆனான். அண்ணன் மாட்டைத் தூக்கினான்.

நம் வீட்டுப் பாட்டிகளில் பலருக்கு இது தெரியும். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். மோஃபட் இதை ஒப்புதலின் சான்றாக எடுத்துக்கொண்டார்: தாழ்வு இருக்கிறது என்பதைக் கதை ஏற்கிறது, தாங்கள் அங்கே வந்தது தவறுதலாக என்று மட்டும் சொல்கிறது. நகலெடுப்பு, ஒப்புதல் என்ற இரண்டையும் எதிர்த்து வாதாடிய டெலியேஜும், கதை சாதியின் அடிப்படையை உடைக்கவில்லை என்றே கருதினார். நாம் வேறு மாதிரிப் படிக்கலாம். கதையில் முற்பிறவி இல்லை, கர்மம் இல்லை, புருஷனின் பாதம் இல்லை. இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவன் நாம். காது கேளாத சாமி. மேல் கீழ் என்பது மொத்தமாக ஒரு சொல்லின் மயக்கத்தில் நிற்கிறது. வேறு மொழியில் பேசியிருந்தால் நடந்தே இருக்காது! பிராமணன் என்பது ஒரு தவறான உச்சரிப்பின் பலன் என்று நூறாண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சமூகத்தை 'ஒப்புக்கொண்ட சமூகம்' என்று எழுதலாமா? பார்ப்பானுக்கு மூத்தவன் பறையன் என்ற பழமொழியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எந்த வாசிப்பு சரி என்பதைக் கதையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதுதான் நாம் சொல்ல வருவது. கதையை யார் யாருக்குச் சொன்னார்கள்? நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரருக்கா, கூலி கேட்டுத் திட்டு வாங்கிவந்த மகனுக்கா? சொன்னபோது சிரித்தார்களா? பக்கத்தில் மிராசுதாரர் வீட்டு ஆள் இருந்தாரா? இந்தத் தகவல்கள் தரவின் பகுதி. அச்சான புத்தகங்களில் கதை இருக்கிறது, சிரிப்பு இல்லை. மோஃபட்டின் நூல் வருவதற்கு முன்பே, 1974இல், ஜோன் மென்ச்சர் செங்கற்பட்டுப் பகுதியிலிருந்தே தலைகீழாக எழுதியிருந்தார். கீழே இருப்பவர்கள் சாதியைத் தூய்மை, தீட்டு என்ற மொழியில் பேசுவதைவிட நிலம், கூலி, அடக்குமுறை என்ற மொழியில்தான் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. ஒரே மாவட்டம், ஏறத்தாழ ஒரே காலம், வேறு கேள்வி.

ஒரு விஷயத்தை நம் பக்கமே திருப்பிக் கேட்டாக வேண்டும். தங்களுக்கென்று வண்ணார் வைத்துக்கொண்டார்கள் என்ற வாதத்தில் அந்தப் புதிரை வண்ணார் யார் வாயாலும் பேசவில்லை. மோஃபட்டும் அவர்கள் நிலையிலிருந்து கேட்கவில்லை, மோஃபட்டை மறுத்து எழுதிய நம்மவர்களும் கேட்கவில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் குரல் நமக்குள் எவ்வளவு சங்கடத்தை உண்டாக்கியது என்பது மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். அவள் சேரிக்குத் துணி வெளுப்பவள், கிறித்தவளும்கூட. சமூகவியல் கேட்காத கேள்வியை ஒரு நாவல் கேட்டது. உள்ளூர்க்காரர், சொந்த சாதிக்காரர் என்பது ஆய்வுக்குப் போதுமான தகுதி என்று நினைக்கும் மாணவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நமக்கும் ஒரு திண்ணை இருக்கிறது; நாமும் அதில் உட்கார்ந்துதான் கேட்கிறோம்.

பண்டிதரிடம் வருவோம். 1898இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியவர், 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி 1914இல் மறையும்வரை நடத்தினார். அதை ஆய்விதழ் என்று எந்தப் பல்கலைக்கழகமும் அன்று சொல்லியிருக்காது. ஆனால் அதில் நடந்தது ஆய்வுதான். கோலார் தங்கவயலிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வாசகர்கள் கேள்வி அனுப்பினார்கள். இந்தப் பண்டிகை ஏன், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதே எதனால்? பண்டிதர் நிகண்டிலிருந்தும் ஓலைச்சுவடியிலிருந்தும் வாய்மொழியிலிருந்தும் பதில் எழுதினார். கேட்பவரும் சொல்பவரும் ஒரே மக்கள். ஆய்வாளர், தகவலாளர் என்ற பிரிவு அங்கே இல்லை. 1911 கணக்கெடுப்பின்போது எந்தப் பெயரில் பதிவது என்பதும் அந்தப் பக்கங்களில் விவாதமானது. கெயிட் அனுப்பிய கேள்விகள் ஒரு பக்கம், எங்களை நாங்கள் எப்படி எழுதிக்கொள்வது என்ற கேள்வி இன்னொரு பக்கம், ஒரே காலத்தில் ஓடின.

திருவாரூர்த் திருவிழாவில் பறையர் தலைவர் சாமியோடு யானையில் ஏறிச் சாமரம் வீசும் உரிமையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் ஒரு விநோதச் செய்தியாகக் குறித்தார். மேல்கோட்டையில் மூன்று நாள் மட்டும் கோயில் திறந்துவிடும் வழக்கமும் அப்படித்தான் அவருக்கு. பண்டிதருக்கு இப்படிப்பட்டவை விநோதம் அல்ல, தடயம். கீழே தள்ளப்பட்டவர்களிடம் இந்த மிச்சம் எப்படித் தங்கியது என்று கேட்டார். அவர் தந்த விடைகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க முடியாது. தீபாவளியை எள்ளெண்ணெய் கண்டுபிடித்த கொண்டாட்டமாக அவர் விளக்கியதற்கும், பல சொற்களைப் பிரித்துப் பொருள் கண்டதற்கும், வெளிச்சான்று தேட வேண்டியிருக்கிறது, பலவற்றுக்குக் கிடைக்காது. கல்வெட்டு, தொல்லியல், மொழியியல் ஆகியவற்றின் முன் அவற்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பக்தியால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அதே நேரத்தில், விடை தவறு என்பதற்காகக் கேள்வியைத் தூக்கிப்போடும் கல்விப்புலப் பழக்கத்துக்கும் நாம் உடன்பட வேண்டியதில்லை. அந்தக் கேள்விகள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் கல்விப்புலத்தின் பார்வையிலேயே படவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய 'தமிழன்' இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் 1998இல் தமிழ் பௌத்தம் பற்றிய நூலை எழுதி, பண்டிதரின் எழுத்துகளைத் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவற்றை வெளியிட்டது. அதன்பிறகுதான் ராஜ் கௌதமன், டி. தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் முதலியோரின் வாசிப்புகள் சாத்தியமாயின. சமய ஆய்வில் ஆவணக் காப்பகம் என்றால் எழும்பூரை மட்டும் நினைக்கிறோம். நம் வரலாற்றுக்கு டிரங்குப் பெட்டியும் காப்பகம்தான்.

இப்போது நடப்பதற்கு வருவோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை ஒட்டி, மாவட்ட ஆட்சியர் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நம் மக்களை அழைத்துப்போனார். அங்கே ஒரு பெண் சாமி வந்தவராக ஆடி இழிவாகப் பேசினார். அவர்மீது வழக்குப் பதிவானது. சாமியாட்டம் பற்றி நூலகம் நிறையப் புத்தகங்கள் உள்ளன. ஒடுக்கப்பட்ட பெண்ணின் மறைமுகக் குரல் என்று அதை விளக்கும் மரபு வலுவானது; பல இடங்களில் அது பொருந்தும். இங்கே சாமி யார் பக்கம் நின்று பேசியது? காவல்நிலையம் வசவு என்று எழுதியதை ஆய்வேடு வழிபாட்டு நிகழ்வு என்று எழுதுமானால், எதை விட்டுவிட்டது என்பது சேரியில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். தேர் வடம் பிடிக்கும் உரிமைக்காகக் கண்டதேவியில் 1990களின் பிற்பகுதியிலிருந்து நடந்ததையும் மேல்நிலையாக்கம் என்ற சீனிவாஸின் சொல்லால் விளக்கிவிட முடியாது. வடத்தைக் கேட்பவர் யாரையும் பின்பற்றவில்லை, பங்கு கேட்கிறார். டேவிட் மோஸ் 1980களில் ஆராய்ந்த இராமநாதபுரம் கத்தோலிக்கக் கிராமத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்பிப்போனதால், சந்தியாகப்பர் திருவிழா மரியாதைகள் கைமாறுவதையும், நம் மக்கள் ஊர் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டு விலகுவதையும் பார்க்க முடிந்தது. ஒரே ஆண்டு தங்கிவிட்டுப் போயிருந்தால் 'ஒப்புதல்' என்றுதான் அவரும் எழுதியிருக்கக்கூடும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது 'உங்கள் மதம் என்ன?' என்ற நேர்க்கேள்வி. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கொள்ள முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவருக்கு இன்றும் இடமில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். அந்தப் பத்தியை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை 2007இல் வந்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகும் ஒரு அம்மா, மகளின் சான்றிதழை நினைத்து 'இந்து' என்று சொன்னால், அதை நம்பிக்கை பற்றிய தரவாக எடுப்பதா? அவர் பதில் சொன்னது ஆய்வாளருக்கு அல்ல, வட்டாட்சியருக்கு. பொய் சொன்னார் என்று எழுதுகிறவருக்கும், இரட்டை மதத்தவர் என்று அழகாகப் பெயர் சூட்டுகிறவருக்கும் அந்த ஆணை கண்ணில் படுவதில்லை. 1951 கணக்கில் நாடு முழுவதும் சுமார் 1.8 லட்சமாக இருந்த பௌத்தர், 1956 நாக்பூருக்குப் பிறகு 1961இல் சுமார் 32.5 லட்சமாக ஆனார்கள். 1990 வரை அப்படிச் சொன்ன ஒவ்வொருவரும் ஒன்றிய அரசின் சலுகையை இழக்கத் துணிந்துதான் சொன்னார்கள். அந்த எண்ணையும் இந்தப் பின்னணியோடுதான் படிக்க வேண்டும்.

வரப்போகும் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்துள்ளது. மதக் கட்டமும் சாதிக் கட்டமும் அடுத்தடுத்து வரும். மன்றத்தின் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். கணக்கெடுப்பாளர் உங்கள் தெருவுக்கு வரும் நாளில் கூட இருங்கள். எந்த வீட்டில் கேள்வியைக் கேட்டார், எந்த வீட்டில் கேட்காமலே நிரப்பினார், கேட்டபோது எந்தச் சொல்லில் கேட்டார், பதில் சொன்னது வீட்டில் யார், சொல்வதற்கு முன் யாரைத் திரும்பிப் பார்த்தார் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம். எழுதியதை அந்தத் தெருவிலேயே வாசித்துக் காட்டித் திருத்திய பிறகு மன்றத்துக்கு அனுப்புங்கள்.